வெந்நீருக்குப் போனவள்

எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேர்த்துக் கொட்டினால் அதை யாரும் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு நெஞ்சுவலி வந்தது அப்படிப்பட்ட இடத்தில்தான்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம். பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் பலகாரம் சுட எங்களை வரச்சொல்லியிருந்தார்கள். நாங்கள் செல்லம்மக்காவின் கூட்டம். கல்யாண வீடு எந்த ஊரிலோ அந்த ஊருக்குப் போய், பின்கட்டில் அடுப்புப் போட்டு, தேன்குழலும் சீப்புச் சீடையும் அதிரசமும் மனகோலமும் டின் டின்னாகச் சுட்டு அடுக்கிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்புவோம். எனக்கு ஏற்ற வேலை. ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் கொஞ்ச நாள் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கொல்லத்தில் முந்திரி உடைத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் மில் கேண்டீனில் இட்லி ஊற்றியிருக்கிறேன். வேளாங்கண்ணியில் ஒரு லாட்ஜில் பெருக்கித் துடைத்திருக்கிறேன். என்னைக் கட்டியவர் பம்பாய்க்குப் போனார், திரும்பவில்லை. நானும் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஒரே மகள் செலினைக் கல்லலில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். வருவேன், பார்ப்பேன், போவேன். தங்கைதான் அவளை வளர்த்துக் கட்டிக் கொடுத்தாள்.

அன்றைக்குத் தேன்குழல் பிழிந்துகொண்டிருந்தேன். முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்குகிற மாதிரி இருந்தது. அப்புறம் அது தாடைக்கு ஏறியது. பல்வலி என்று நினைத்தேன். வேர்த்தது. எல்லாருக்கும்தான் வேர்த்தது. ஆனால் என் வேர்வை சில்லென்று இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். தொட்டுப் பார்த்தால்தானே அடுத்தவளுக்குத் தெரியும்?

“அக்கா, நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு.”

“எண்ணெய்ப் புகைடி. காலையில ஒண்ணும் திங்காம சட்டிக்கு முன்னால உக்காந்தா வாயு ஏறத்தான் செய்யும். இந்தா, சோடாவைக் குடி. ஒரு ஏப்பம் வந்தா எல்லாம் எறங்கிடும்.”

ஏப்பம் வந்தது. வலி இறங்கவில்லை. அச்சு கையை விட்டு நழுவி எண்ணெய்க்குள் விழுந்தது. அச்சை விட்டவள் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. அதைப் பார்த்துத்தான் செல்லம்மக்கா பயந்தாள். என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஐயோ, ஐஸு மாதிரில்ல இருக்கா!” என்று கத்தினாள்.

அந்த வீட்டுப் பெரியவர், அப்பச்சி, தன் காரைக் கொடுத்தார். பின் சீட்டில் செல்லம்மக்கா மடியில் என் தலை.

“ஏடி ஞானம், அம்பாசிடர்ல போகணும்னு ஆசையா இருந்தா சொல்லிருக்கலாம்ல? இப்படியா படுத்துக்கிட்டுப் போவாக?” என்றாள். அவளுக்குப் பயம் வந்தால் கேலி வரும். சாலை முழுக்கக் கேலி செய்துகொண்டே வந்தாள்.

காரைக்குடியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பேர் வேண்டாம். ஒரு பக்கம் பொது வார்டு, எதிர்ப்பக்கம் பிரசவ வார்டு, நடுவில் சிமெண்டுத் தரை போட்ட நீளமான வராந்தா. இவ்வளவுதான் ஆஸ்பத்திரி. அந்த வராந்தாவை நான் மறக்க மாட்டேன்.

முதலில் பிரஷர் பார்த்தார்கள். கையில் பட்டையைச் சுற்றி, பம்பை அமுக்கி, பாதரசம் ஏறின உயரத்தைப் பார்த்த நர்ஸ், மெஷின் கெட்டுப்போயிருக்கும் என்று இன்னொரு மெஷினைக் கொண்டுவந்தாள். அதிலும் அதே உயரம். அப்புறம் இ.சி.ஜி. என்று ஒன்று. நெஞ்சிலும் கை காலிலும் பசையைத் தடவி ஒயரை ஒட்டுகிறார்கள். வலிக்காது. இதயம் அடிக்கிற அடியை ஒரு காகிதத்தில் கோலம் மாதிரி கிறுக்கித் தள்ளும். அடுத்து எக்ஸ்ரே. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு டாக்டரம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, ரப்பர் செருப்பு.

“சின்னதா ஒரு அட்டாக் வந்திருக்கு. அதைவிட, உங்க இதயம் தடிச்சுப் போயிருக்கு. ரொம்ப வருஷமா பிரஷர் இருந்திருக்கணும். மாத்திரை எதுவும் சாப்பிட்டதில்லையா?”

“தலைவலி மாத்திரை சாப்பிடுவேன்.”

“மாடி ஏறினா மூச்சு வாங்கலையா? கால் வீங்கலையா?”

எல்லாம்தான் இருந்தது. நாள் முழுக்க அடுப்படியில் உட்காருகிறவளுக்குச் சாயங்காலம் கால் வீங்காமல் இருக்குமா? எங்கள் கூட்டத்தில் எல்லாருடைய காலும் வீங்கும். ராத்திரி படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவேன். இரண்டு மாவு மூட்டையை அடுக்கிச் சாய்ந்துகொண்டால் தூக்கம் வரும். அதை நான் வியாதி என்று நினைக்கவில்லை. தலையணை பத்தவில்லை என்று நினைத்தேன்.

இதயம் தடிப்பது என்றால் என்ன என்று நான் கேட்டேன். டாக்டரம்மா சொன்னதை என் வழியில் சொல்கிறேன். தேன்குழல் மாவு இளக்கமாக இருந்தால் அச்சை அமுக்குவது சுலபம். மாவு கெட்டியாகிவிட்டால் கை முழு பலத்தையும் போட்டு அமுக்க வேண்டும். அப்படியே வருஷக்கணக்கில் அமுக்கினால் கைச்சதை முறுக்கேறித் தடித்துப்போகும். ஒரு நாள் அந்தக் கை ஓய்ந்தும் போகும். ரத்தக் குழாய்கள் இறுகி நிற்கும்போது இதயம் அந்தக் கையைப் போலத்தான் பாடுபடுகிறது. பிரஷர் என்பது அந்த இறுக்கம். அது வலிக்காது, சொல்லாது. அதுதான் அதில் மோசம்.

மறுநாள் மத்தியானம் செலின் வந்தாள். வளையல் சத்தம் முதலில் வந்தது. ஏழாம் மாதம். வளைகாப்புப் போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல்.

“என்னம்மா, ஊரெல்லாம் சுத்துற ஆளு, இப்படிக் கட்டில்ல கெடக்க?”

“நீ ஏன்டி வந்த? பிள்ளைத்தாச்சி ஆஸ்பத்திரிக்கெல்லாம் வரலாமா? உன் மாமியா எப்படி விட்டாக?”

“எங்க விட்டாக? நோயாளியைப் பார்த்தா வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னாக. சந்தைக்குப் போறேன்னு சொல்லிக் கல்லல்ல பஸ் ஏறிட்டேன்.”

செல்லம்மக்கா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். “பாருடி, மூஞ்சி எப்படிப் பூரிச்சுப் போயிருக்கு! மாமியா வீட்டுச் சோறு ஒட்டிக்கிடுச்சு.”

“அத்தையும் அதைத்தான் சொல்லுறாக. என் மருமகளுக்கு என் வீட்டுச் சோறு எப்படி ஒட்டியிருக்குன்னு தெரு முழுக்கப் பெருமை.”

நானும் பார்த்தேன். முகம் உப்பலாக, பளபளவென்று இருந்தது. அழகாகத்தான் இருந்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

போகச் சொன்னால் கேட்கவில்லை. மருமகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், அவர் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்து மளிகைக்கடைக்குப் போன் போட்டு, “அம்மாவைப் பாத்துக்கப் போறேன், அத்தைக்கு நீங்களே சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வந்து என் கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துவிட்டாள். நான் விட்டுவிட்டுப் போன பிள்ளை. அவள் எனக்குக் கடன்பட்டவள் இல்லை. இருந்தாலும் பாயை விரித்தாள்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தபோது செலின் கட்டில் தலைமாட்டில் நின்றாள், வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு.

“வீட்டில வேற யாருக்காவது இதய நோய் இருந்ததா? உங்க பிரசவம் எல்லாம் எப்படி? கஷ்டம் எதுவும் இல்லையே?”

நான் செலினைப் பார்த்தேன். “சுகப் பிரசவந்தான் டாக்டரம்மா” என்றேன்.

எங்கள் பக்கம் பிள்ளைத்தாச்சியின் காதில் கெட்ட பிரசவத்தைப் பற்றி ஒரு சொல் விழக் கூடாது. எந்த வீட்டில் பிள்ளை இறந்தது, யாருக்கு ரத்தம் நிற்கவில்லை, எதையும் அவள் முன்னால் பேச மாட்டார்கள். வேறு யாராவது ஆரம்பித்தால்கூடக் கண்ணைக் காட்டி நிறுத்திவிடுவார்கள். கேட்டால் அவளுக்கும் அதுவே நடக்கும் என்று நம்பிக்கை. எங்களைப் போல வேதக்காரர்களான கிறிஸ்தவர்கள், மற்றவர்கள் என்று இதில் வித்தியாசம் இல்லை. செலினுக்கு அவள் பிறந்த கதையை அதுவரை யாரும் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன் அது பேசுகிற விஷயமில்லை. கல்யாணத்துக்குப் பின் அது பேசக் கூடாத விஷயம்.

அந்தக் கதை எனக்கே மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். செலின் வயிற்றில் இருந்தபோது எனக்குக் காலும் கையும் முகமும் வீங்கின. தலை வெடிக்கிற மாதிரி வலித்தது. ஒரு நாள் காலையில் தண்ணீர் இறைக்கப் போனேன், அவ்வளவுதான் நினைவு. வலிப்பு வந்து கிணற்றடியில் விழுந்து கிடந்தேனாம். பேய் அடித்துவிட்டது என்றார்கள். கல்லல் ஸ்டேஷனில் ரயிலை நிறுத்திவைத்து என்னைத் தூக்கி ஏற்றினார்களாம். வழியிலும் வலிப்பு. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வயிறு வெறுமையாக இருந்தது, நாக்கு கிழிந்திருந்தது. பிள்ளை பிழைக்காது என்று ஒரு நர்ஸ் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்து, செலின் என்று அவளே பேரும் வைத்திருந்தாள். என் பிள்ளைக்கு நான் பேர் வைக்கவில்லை. அங்கிருந்த டாக்டர் சொன்னார்: இது பிள்ளைத்தாச்சிக்கு வருகிற பிரஷர், பிள்ளை பிறந்தாச்சு, இனிப் போய்விடும். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். பிள்ளையோடு வந்தது, பிள்ளையோடு போய்விட்டது.

ஆனால் டாக்டரம்மாவிடம் பொய் சொன்னது எனக்கு உறுத்தியது. மருந்து கொடுக்கிறவரிடம் மறைத்தால் மருந்து எப்படிக் கேட்கும்? மறுநாள் காலை அவர் வருகிற நேரம் பார்த்து, “செலினு, ஃபிளாஸ்கில வெந்நீர் வாங்கிட்டு வா” என்று அவளைக் கேண்டீனுக்கு அனுப்பினேன். வளையல் சத்தம் வராந்தாவில் தேய்கிற வரைக்கும் பொறுத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “நேத்து ஏன் சொல்லலை?”

“பிள்ளைத்தாச்சி நின்னுச்சு டாக்டரம்மா.”

அவருக்கு அது புரிந்தது. அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான்.

“கர்ப்பத்தில பிரஷர் வந்து வலிப்பு வரைக்கும் போனவங்களுக்குப் பின்னால பிரஷர் நோயா வரலாம். இதயத்துக்கும் மத்தவங்களைவிட ஆபத்து அதிகம். அப்ப எறங்கியிருக்கும், வாஸ்தவம். ஆனா எறங்கினது வேற, போனது வேற. உடம்பு ஒரு தடவை காட்டிக் கொடுத்திருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்திருக்கணும். யாரும் சொல்லலையா?”

“சொல்லலை. சொல்லியிருந்தாலும் அடுத்த வருஷம் நான் எந்த ஊர்ல இருந்தேனோ.”

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டே கேட்டார். “அந்தப் பிள்ளை பிழைச்சுதா?”

“பிழைச்சா. இப்பத்தான் வெந்நீருக்குப் போனா.”

அவர் பேனா நின்றது. தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். செலின் ஃபிளாஸ்கை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். செருப்பு இரண்டும் கையில் இருந்தன.

“செருப்பு கடிக்குதும்மா. போன மாசம்தான் வாங்குனது, அதுக்குள்ள சிறுத்துப் போச்சு.”

டாக்டரம்மா அவளை என் கட்டிலிலேயே உட்காரவைத்தார். தரையில் குந்தி, அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை அமுக்கி எடுத்தார். பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி குழி விழுந்தது. குழி எழும்பவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் வலி முழுக்க அந்த நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை.

“தலைவலி இருக்கா?”

“ரெண்டு மூணு நாளா இருக்கு. பஸ்ஸில வந்த வெயிலு.”

“கண்ணு மங்குதா?”

“மங்கலை. பூச்சி பறக்குற மாதிரி தெரியும், அப்புறம் போயிடும்.”

“பிரஷர் பார்த்தாங்களா?”

“ஊசி போட்டாக. அப்புறம் நர்ஸம்மா வந்த அன்னைக்கு நான் நாத்தனா வீட்டுக்குப் போயிட்டேன்.”

பட்டையைச் சுற்றினார்கள். பாதரசம் ஏறியது. எனக்குக் கொண்டுவந்த மாதிரி இரண்டாவது மெஷின் கொண்டுவரவில்லை. உடனே சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள்.

செலின் என்னைப் பார்த்தாள். “உனக்கும் இப்படித்தான் இருந்துச்சாம்மா?”

“ஆமா.”

“ஏம்மா சொல்லலை?”

“உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாக.”

நாற்காலி வராந்தாவைத் தாண்டி எதிர்வார்டுக்குப் போனது. ஃபிளாஸ்க் என் கட்டிலிலேயே கிடந்தது.

அப்புறம் சில நாள் வராந்தாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நான் நடக்கக் கூடாது. அவள் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி எழுந்திருக்கவே கூடாது. செல்லம்மக்கா அடுப்பைக் கூட்டத்தில் வேறொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தாள்.

“உன் மக கேக்குறா, கஞ்சி குடிச்சியான்னு.”

“குடிச்சேன்னு சொல்லுங்க. அவ குடிச்சாளா?”

“இந்தப் பக்கம் ஒருத்தி உப்பில்லாத கஞ்சியை வச்சுக்கிட்டு அழுகுறா, அந்தப் பக்கம் ஒருத்தி அழுகுறா. ஊருக்கெல்லாம் உப்புப் போட்டுப் பிசைஞ்ச கைக்கு இப்படி ஒரு தண்டனை. நான் என்ன தந்தியா, அங்குட்டும் இங்குட்டும் ஓட?”

சொல்லிவிட்டு ஓடுவாள். ஒரு தடவை வந்து, “பொண்ணா இருந்தா என்ன பேர் வைக்கலாம்னு உன்னைக் கேக்கச் சொன்னேன். வேண்டாங்குறா. எங்கம்மாகிட்ட கேட்டா பலகாரப் பேரா வச்சிடும், சீப்புச்சீடை மேரின்னு கூப்பிட முடியுமாங்குறா” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சு வலித்தது. இருந்தாலும் சிரித்தேன். நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருப்பதாகவே அக்காவிடம் சொல்லி அனுப்பினோம். இரண்டு பேர் சொன்னதும் பொய் என்பது நடுவில் நடந்த அவளுக்கு மட்டும் தெரியும்.

செலினுக்குப் பிரஷர் இறங்கவில்லை. மாத்திரை கொடுத்தார்கள், வலிப்பு வராமலிருக்க இடுப்பில் பெரிய ஊசி போட்டார்கள். கையில் டிரிப் ஏற்ற நரம்பு தேடினால் வளையல் குறுக்கே நின்றது. கழற்றப் பார்த்தார்கள். கை வீங்கி வளையல் சதைக்குள் பதிந்து கிடந்தது. பிரசவம் ஆகிற வரைக்கும் வளைகாப்பு வளையலைக் கழற்றுவது வழக்கமில்லை. அவள் மாமியார் அன்றைக்கு வந்திருந்தார். “உடைக்காதீக, உடைக்காதீக” என்று நர்ஸின் கையைப் பிடித்தாராம். நர்ஸ் துணியைச் சுற்றி ஒவ்வொன்றாக உடைத்தாள். அந்தச் சத்தம் வராந்தாவைத் தாண்டி எனக்குக் கேட்டது. எண்ணெயில் ஈரம் விழுந்தால் வருகிற மாதிரி சின்னச் சின்ன சத்தம்.

மறுநாள் விடிந்ததும் ஆபரேஷன். இனியும் உள்ளே வைத்திருந்தால் தாய்க்கு ஆகாது என்று டாக்டரம்மா நேராக என்னிடம் வந்து சொன்னார். “அம்மாவைக் காப்பாத்தப் பார்க்கிறேன். பிள்ளை ரொம்பச் சின்னது. நான் எதுவும் வாக்குக் கொடுக்க முடியாது.” எங்கள் ஊரில் இப்படிப் பச்சையாக யாரும் பேச மாட்டார்கள். அவர் பேசினது எனக்கு நல்லதாக இருந்தது. செபமாலையை எடுத்தேன். ஒன்றும் ஓடவில்லை. கையில் வைத்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

செல்லம்மக்கா ஓடி வந்தாள். “பொம்பளப் பிள்ளைடி. உள்ளங்கை அளவு இருக்கு. சிஸ்டர் தலையில தண்ணி ஊத்தணுமாம். பேர் கேக்குறாக. சீக்கிரம் சொல்லு.”

“செலினைக் கேளுங்கக்கா.”

“அவளுக்கு மயக்கம் தெளியலை.”

“மாமியாளைக் கேளுங்க.”

“அந்தம்மா சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கு. நீ சொல்லுடி, நேரம் இல்லை.”

எனக்கு ஒரு பேரும் வரவில்லை. ஊர் ஊராகப் போனவள், எத்தனையோ பேரைப் பார்த்தவள், ஒரு பேர் கிடைக்கவில்லை. கடைசியில், “லூர்து” என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அக்கா அந்தப் பேரை வாயில் சொல்லிக்கொண்டே, மறந்துவிடக் கூடாது என்று, வராந்தாவில் ஓடினாள். அவள் கோயிலும் என் கோயிலும் வேறு. “லூர்து, லூர்து, லூர்து” என்று அவள் குரல் தேய்ந்துபோனது.

சாயங்காலம் அவள் மறுபடி வந்தாள். வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. கேலி செய்யவில்லை. பேசாமல் நிற்கிற செல்லம்மக்காவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனால் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மருமகன் வந்து பிள்ளையைக் கல்லறைக்கு எடுத்துப்போனார். அட்டைப் பெட்டி ஒன்றை நர்ஸ் கொடுத்தாள்.

என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து எதிர்வார்டுக்குத் தள்ளிக்கொண்டுபோக அதற்குப் பிறகுதான் அனுமதி கிடைத்தது. செலின் முகத்தில் வீக்கம் வடிய ஆரம்பித்திருந்தது. பூரிப்பு என்று நாங்கள் எல்லாரும் கொண்டாடினது வடிந்துபோய், அவள் சின்ன முகம் திரும்பி வந்திருந்தது. கையில் வளையல் கீறின கோடுகள்.

“என்ன பேரும்மா வச்ச?”

“லூர்து.”

அவள் மேலே மின்விசிறியைப் பார்த்தாள்.

“பலகாரப் பேரு இல்லையே?”

“இல்லைடி.”

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது நான் பஸ் ஏறப் போகும் நேரமெல்லாம் அந்தக் கை என் சேலையைப் பிடித்திருக்கும். நான்தான் விடுவித்துக்கொண்டு போவேன்.

பில் வந்தது. சிஸ்டர் கொஞ்சம் தள்ளுபடி செய்தார். பலகாரம் சுட்டுக் கொடுத்த வீட்டு ஆச்சி ஆள் அனுப்பிக் கொஞ்சம் கொடுத்தார். என் தோடு போனது. அதைப் பற்றி எழுத அவ்வளவுதான் இருக்கிறது. எனக்கு நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை, தண்ணீர் பிரிய ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒரு மாத்திரை. அடுப்புக்கு முன்னால் உட்காரக் கூடாது என்றார்கள். இப்போது நான் கூட்டத்தோடு போகிறேன், மாவு சலிக்கிறேன், டின்னில் அடுக்குகிறேன். சாகிற வரைக்கும் மாத்திரை. பழகிவிட்டது.

பழகாதது செலின்தான். டாக்டரம்மா அவளிடம் தனியாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: பிரஷர் இறங்கியிருந்தாலும் வருஷா வருஷம் வந்து பார்க்க வேண்டும், அடுத்த பிள்ளை தரித்தால் முதல் மாதத்திலிருந்தே வர வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும். அவள் வர மாட்டேன் என்றாள். அவள் மாமியாரும் கெட்டவர் இல்லை, அவருக்குப் புரியவில்லை. “பிள்ளையே தங்கலை, அப்புறம் என்ன பிள்ளைத்தாச்சிப் பிரஷரு? அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சா எல்லாம் திரும்ப ஞாபகம் வரும், பாவம்” என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனதையே யாரிடமும் சொல்ல வேண்டாம், பிள்ளை உண்டா என்று கேட்டால் இன்னும் இல்லை என்று மட்டும் சொல் என்றும் சொல்லிக் கொடுத்திருந்தார்.

எனக்கும் அப்படித்தானே எல்லாரும் மூடிவைத்தார்கள்? மூடிவைத்தது இருபது வருஷம் உள்ளேயே வேலை செய்தது. இவளும் என் வயதில் ஏதோ ஒரு அடுப்புக்கு முன்னால் சில்லென்று வேர்த்து விழுவாள் என்று தோன்றியது. நான் கல்லலுக்குப் போனேன். இந்தத் தடவை சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை. தங்கை வீட்டிலேயே தங்கினேன். தினம் செலினின் மாமியார் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அதட்டவில்லை. அதட்ட எனக்கு என்ன உரிமை? ஒரு நாள் அவளே கேட்டாள்.

“ஏம்மா, இன்னும் நீ கிளம்பலையா? கால் அரிக்கலையா?”

“அரிக்குது. நீ வந்து பிரஷர் பாத்துட்டா கிளம்பிடுவேன்.”

“பிள்ளைதான் போச்சேம்மா.”

“பிள்ளை போச்சு. அது போகலைடி. என்னைப் பாரு.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் இரண்டு தலையணையை அடுக்கிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். அதே வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். செலின் எதிர்வார்டுப் பக்கம் பார்க்காமல் முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண், கூட அவள் அம்மா. அந்தப் பெண்ணின் கையில் புது வளையல்.

நர்ஸ் புதுசு. எங்களைத் தெரியாது. சீட்டை வைத்துக்கொண்டு, பெஞ்சில் இருந்த எல்லாரையும் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். செலினிடம் வந்ததும், “எத்தனை பிள்ளை?” என்றாள்.

நான் செலினைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மாக்காரி அதற்குள் எதையோ மோப்பம் பிடித்துக் கண்ணைக் காட்ட ஆரம்பித்திருந்தாள். எனக்கும் வாய் தானாக மூடிக்கொண்டது. பழக்கம்.

“ஒண்ணு” என்றாள் செலின். “பேரு லூர்து. எனக்குப் பிரஷர் ஏறி ஏழாம் மாசத்துலயே எடுத்துட்டாக. அன்னைக்கே போயிட்டா.”

“ஏத்தா, பிள்ளைத்தாச்சி இருக்கு, பாத்துப் பேசக் கூடாதா?” என்று அந்த அம்மா மகளின் காதை மூடப் போனாள்.

மகள் அம்மாவின் கையை விலக்கினாள். செலின் பக்கம் நகர்ந்து, மெதுவாகக் கேட்டாள்.

“உங்களுக்குக் கால் வீங்குச்சாக்கா?”

கேட்டுவிட்டு, தன் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். செலின் பெஞ்சை விட்டு இறங்கி, சிமெண்டுத் தரையில் குந்தி, அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலை அமுக்கிப் பார்த்தாள்.